பேரு ரெண்டு, ஒயரு ஒண்ணு

பம்மல் மையத்துக் கம்ப்யூட்டர் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலத்தோடு தனக்குத்தானே பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டது. அது பேசாமல் போனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு ஜாஸ்மின் என்ற பெண்ணுக்கு நஷ்டம் வந்தது.

முதலில் மையத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தென்புறநகர் மக்கள் சேவை ஒருங்கிணைப்பு வாரியம் என்று ஒரு வாரியம். அதன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பொழிச்சலூர் மொட்டைமாடிகளுக்கு மேலே இரண்டு விமானம் இறங்கிவிடும். மக்களுக்கு வேண்டிய சான்றிதழ்களை அச்சடித்துக் கொடுப்பது வாரியத்தின் வேலை. அச்சடிக்காமல் இருப்பதற்கான விதிகளை அச்சடிப்பதும் அதன் வேலைதான். இரண்டாவது வேலையில் ஒரு நாளும் தாமதம் ஏற்பட்டதில்லை.

பம்மல் கிளை, பெயின்ட்டும் ஆணியும் விற்கும் ஒரு கடைக்கு மேல் மாடியில் இருந்தது. அங்கே ஜீவிதா கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஒப்பந்தப் பணி. ஒப்பந்தப் பணி என்றால் என்ன என்பது வாரியத்துக்குள் நுழைந்ததும் நாற்காலியைப் பார்த்தே தெரிந்துவிடும். நிரந்தரப் பணியாளர் நாற்காலிக்குக் கைப்பிடி உண்டு. அதிகாரி நாற்காலிக்குக் கைப்பிடியோடு துண்டும் உண்டு. ஜீவிதாவின் நாற்காலிக்கு நான்கு கால் இருந்தது. அதுவே அவளுடைய மேலதிகாரியின் முயற்சியால் கிடைத்தது என்று அடிக்கடி அவளுக்கு நினைவூட்டப்பட்டது.

அவள் அப்பா பம்மலில் தோல் பதனிடும் ஷெட்டில் இருபத்தாறு வருஷம் நின்றவர். அந்த வீட்டில் முதலில் டிகிரி வாங்கியது ஜீவிதாதான், பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியவள். ஆனால் முதல் பட்டதாரி சான்றிதழ் அவளுக்கு ஒரே ஒரு நாள் தாமதமாக வந்தது. அந்த ஒரு நாளில் கட்டணச் சலுகை போயிற்று. சலுகை போனதால் சீட் போயிற்று. யார் தாமதப்படுத்தியது என்று அவள் அன்றைக்கு விசாரித்தாள். யாருமே தாமதப்படுத்தவில்லை என்று எழுத்துப்பூர்வமாகப் பதில் வந்தது. அதுவும் ஒரு நாள் தாமதமாகத்தான் வந்தது.

இப்போது அதே சான்றிதழுக்காக எதிரில் ஜாஸ்மின் நின்றாள். பின்னால் அவள் அப்பா சவுரிமுத்து. பம்மலுக்கும் பல்லாவரத்துக்கும் இடையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்.

"அக்கா, அப்ரூவ் ஆயிடுச்சுன்னு மெசேஜ் வந்துடுச்சு. பிரிண்ட் எடுத்து கவுன்சலிங் சைட்ல ஏத்தணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி கடைசி."

"வெள்ளிக்கிழமை எதுக்கு? அஞ்சு நிமிஷத்துல வாங்கிட்டுப் போ" என்று சொல்லி ஜீவிதா பொத்தானைத் தட்டினாள்.

போக வழியில்லை என்று திரை ஆங்கிலத்தில் சொன்னது.

ஜீவிதா எல்லாரும் செய்வதை முதலில் செய்தாள். அணைத்துப் போட்டாள். அதே பதில். இன்டர்நெட் போய்விட்டதோ என்று பார்த்தாள். தங்கம் விலை ஜோராக வந்தது. தங்கம்தான் கைக்கு எட்டாமல் இருந்தது, இன்டர்நெட் இருந்தது. அப்புறம்தான் அவளுக்குச் சந்தேகம் தட்டிற்று. இந்தச் சான்றிதழ் மென்பொருள் சான்றிதழ்களை வெளியூரில் எங்கும் வைப்பதில்லை. அதே பெட்டிக்குள் ஒரு மூலையில் வைத்துவிட்டு, வேண்டும்போது அந்த மூலையைக் கூப்பிட்டுக் கேட்கும். சமையலறையிலிருந்து கூடத்துக்குக் குரல் கொடுப்பது போல. கம்ப்யூட்டர் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்ள அதற்கென்று ஓர் எண் உண்டு. நூற்று இருபத்தேழில் ஆரம்பிக்கும். லினக்ஸ் ஓடும் எந்தக் கம்ப்யூட்டரிலும் இணைப்புகளின் பட்டியலைக் கேட்டால் குறைந்தது இரண்டு பெயர் வரும். ஒன்று, ஒயர் வழியாக வெளியே போகிற ஈத்-ஜீரோ. இன்னொன்று, ஒயரே இல்லாமல் தன்னிடமே திரும்பி வருகிற லோ. லூப்பேக் என்பதன் சுருக்கம். ஜீவிதா பட்டியலைக் கேட்டாள். ஈத்-ஜீரோ மட்டும் ஒண்டியாக வந்து நின்றது.

"இன்னாமா ஆச்சு?" என்றார் சவுரிமுத்து.

"கம்ப்யூட்டர் உள்ளுக்குள்ளயே பேசிக்கிற வழி ஒண்ணு இருக்கும்ணா. அதைக் காணோம்."

"நானும் எங்க வூட்டுக்காரியும் பேசிக்காத மாரியா?"

"அதேதான்."

"அப்ப இது ரெண்டு நாள்ல சரியாவாதும்மா" என்றார் அவர், அனுபவஸ்தர்.

ஜீவிதா இணைப்புகளுக்கான கோப்பைத் திறந்து பார்த்தாள். பார்க்கத்தான் அவளுக்கு உரிமை. கை வைக்க உரிமை இல்லை. லோவுக்கான இரண்டு வரியும் இருந்த இடத்தில்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் யாரோ ஒரு ஹேஷ் குறியைப் போட்டு, கம்ப்யூட்டர் அதைப் படிக்காதபடி செய்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு குறிப்பு: பேரு ரெண்டு, ஒயரு ஒண்ணு. எக்ஸ்ட்ரா பேரு நீக்கம்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நேற்று வந்த சிட்டிபாபு!

வாரியத்தில் அந்த மாதம் இணைப்புத் தணிக்கை நடந்துகொண்டிருந்தது. போலி இணைப்புகளை ஒழிப்பதற்கான தணிக்கை. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் பின்னால் எத்தனை ஒயர் என்று எண்ண வேண்டும். திரையில் எத்தனை பெயர் என்று எண்ண வேண்டும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். தணிக்கைக்காரர் சிட்டிபாபு நேற்று கையில் டார்ச்சோடு வந்து, மேஜைக்கு அடியில் தவழ்ந்து, சிலந்தி வலையைத் தலையில் சூடிக்கொண்டு வெளியே வந்தார்.

"மேடம், பேரு ரெண்டு கீது. ஒயரு ஒண்ணுதான் கீது."

"அண்ணா, லோவுக்கு ஒயரே கெடையாது."

"அதத்தான் நானும் சொல்றேன். ஒயரே இல்லாத கனெக்‌ஷன் இன்னாத்துக்கு? இது மாரி ஆளே இல்லாம சம்பளம் வாங்குறவன எல்லாம் புட்சிக் குட்த்தவன் நானு. இது இன்னா சின்ன லோ!"

அதற்குள் யாரோ டோக்கன் கேட்டார்கள். ஜீவிதா அந்தப் பக்கம் திரும்பினாள். சிட்டிபாபு இந்தப் பக்கம் ஒழித்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது செய்ய வேண்டியது இரண்டு ஹேஷ் குறியை அழிப்பது. அரை நிமிஷ வேலை. ஆனால் அதற்கு ரூட் பாஸ்வேர்ட் என்கிற முதல் சாவி வேண்டும். அது தாம்பரம் தலைமை அலுவலகத்தில், அரக்கு முத்திரை வைத்த கவரில் இருந்தது. தணிக்கைக்காரர்களுக்கு மட்டும் ஒன்று கொடுத்திருந்தார்கள். கெடுப்பவருக்குச் சாவி உண்டு, சரிசெய்பவருக்குக் கிடையாது என்பது வாரியத்தின் பாதுகாப்புக் கொள்கை.

மையப் பொறுப்பாளர் குப்புராஜ் துண்டு போட்ட நாற்காலியில் இருந்தார். நெல் விளைந்த காலத்தில் அந்தத் தெருவே அவர் தாத்தாவுடையது. இப்போது மாடியும், மாடிக்குக் கீழே ஆணிக்கடையும் மிச்சம். நல்ல மனிதர். பொருள் பதிவேட்டைத் தவிர வேறு எதையும் நம்ப மாட்டார்.

"இன்னாம்மா காணோம்?"

"லோ காணோம் சார்."

குப்புராஜ் பதிவேட்டைத் திறந்தார். கீபோர்டு ஒன்று, மவுஸ் ஒன்று, மேஜை மின்விசிறி ஒன்று, பிளாஸ்டிக் பக்கெட் ஒன்று, கைப்பிடி உடைந்த மக்கு ஒன்று. விரலை வைத்துக்கொண்டே கடைசிப் பக்கம் வரை போனார்.

"லோன்னு ஒண்ணு வந்ததாவே இல்லியே. பதிவேட்ல இல்லாத பொருள் எப்படிம்மா காணாமப் போவும்?"

"அது பொருள் இல்லை சார்."

"பொருளே இல்லன்னா எதுக்குத் தேடறே?"

ஜீவிதா ஜாஸ்மினைக் கைகாட்டினாள். "சார், இந்தப் பொண்ணுக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள சான்றிதழ் வேணும். இல்லைன்னா சலுகை போயிடும், சீட்டும் போயிடும். வேற மையத்துல எடுக்கலாமா?"

"விண்ணப்பிச்ச மையத்துலதான் எடுக்கணும். விதி ஒன்பது."

"அப்போ தலைமை அலுவலகத்துக்குப் புகார் போடுங்க சார்."

"தாராளமா. புகார் மென்பொருள்ல போடு."

புகார் மென்பொருளும் அதே பெட்டிக்குள்தான் குடியிருந்தது. அதுவும் போக வழியில்லை என்றது. ஜீவிதா திரையைத் திருப்பிக் காட்டினாள். குப்புராஜ் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தியா! புகார் எண் வரலை. புகார் எண் இல்லன்னா புகாரே இல்ல. நம்ம மையம் இந்த மாசமும் ஜீரோ கம்ப்ளெயின்ட்."

"இது இன்னா பேஜாரா கீதே" என்றார் சவுரிமுத்து.

மறுநாள் வியாழக்கிழமை. ஜீவிதா விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். வாரிய வேலையாக வாரியத்துக்குப் போக ஒப்பந்தப் பணியாளருக்கு அனுமதியில்லை; சொந்த வேலையாகப் போகலாம். பல்லாவரம் வரை சவுரிமுத்துவின் ஆட்டோ, அங்கிருந்து மின்சார ரயில்.

மேற்குத் தாம்பரத்தில் தலைமை அலுவலகம். இரண்டாம் மாடியில் இணை இயக்குநர் ஸ்ரீநிவாசராகவன். அவருடைய அறையில் இரண்டு மேஜை இருந்தது. ஒன்றின் மேல் ‘இணை இயக்குநர், தொழில்நுட்பம்’ என்று பலகை. கையெட்டும் தூரத்தில் இன்னொரு மேஜை. அதன் மேல் ‘இணை இயக்குநர், சொத்து’ என்று பலகை. சொத்துக்காரர் ஓய்வுபெற்று மூன்று வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து ஸ்ரீநிவாசராகவனுக்குக் கூடுதல் பொறுப்பு. மேஜை இரண்டானாலும் நாற்காலி ஒன்றுதான். சக்கரம் வைத்தது.

"என்னம்மா காணோம்?"

"லூப்பேக் சார். கம்ப்யூட்டர் தன்னோடயே பேசிக்கிற வழி."

"தன்னோடயேவா?" அவர் பேனாவை மூடி வைத்தார். "ஆபீஸ் நேரத்துலயா?"

"எந்நேரமும் சார்."

"இதுக்கு யார் சாங்ஷன் குடுத்தா?"

"உலகத்துல இருக்கற எல்லாக் கம்ப்யூட்டர்லயும் உண்டு சார். உங்க கம்ப்யூட்டர்லயும் இருக்கும்."

ஸ்ரீநிவாசராகவன் தன் கம்ப்யூட்டரைப் பார்த்தார். இத்தனை வருஷம் கூடவே உட்கார்ந்திருந்த குமாஸ்தா திடீரென்று வேற்று ஆளாகத் தெரிந்தால் பார்ப்போமே, அந்த மாதிரி.

"பாரும்மா. எனக்கு முப்பத்தோரு வருஷ சர்வீஸ். வாய்ப்பேச்சை நான் என்னைக்கும் என்கரேஜ் பண்ணினதில்லை. யார் யார்கிட்ட என்ன சொன்னாலும் பேப்பர்ல வரணும், நம்பர் விழணும், தேதி இருக்கணும். மனுஷாளுக்கே அப்படின்னா மெஷினுக்குத் தனிச் சட்டமா? அது தனக்குள்ள என்ன பேசிண்டதுன்னு நாளைக்கு ஆடிட்ல கேட்டா நான் என்ன காட்டுவேன்?"

"சார், ஒரு பொண்ணோட படிப்பு சார். நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் டைம். அந்த பாஸ்வேர்ட் கவர் மட்டும் வேணும்."

இதைச் சொல்லும்போது அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் அதைக் கவனித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். இரக்கப்பட்டார். உடனே செயலில் இறங்கினார். ஒரு தாளை எடுத்துப் பச்சை மையில் எழுத ஆரம்பித்தார். அனுப்புநர், இணை இயக்குநர், தொழில்நுட்பம். பெறுநர், இணை இயக்குநர், சொத்து. ஐயா, வணக்கம். பம்மல் மையத்தில் காணாமல் போன ஒன்றை மீட்கும்பொருட்டுத் தங்கள் பொறுப்பிலுள்ள உறையை விடுவிக்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்துப் போட்டு, மணியடித்து, வந்த ஆளிடம் கொடுத்தார்.

"கீழே டெஸ்பாட்ச்ல நம்பர் போட்டு நாளைக்குக் காலைல வந்துடும்."

"எங்க சார் வரும்?"

"இதோ, இங்கதான்." பக்கத்து மேஜையைக் காட்டினார்.

ஜீவிதா அந்த மேஜையைப் பார்த்தாள். நாற்காலியின் சக்கரத்தைப் பார்த்தாள். "சார், கொஞ்சம் தள்ளி உக்காந்தீங்கன்னா..."

"உக்காரலாம். கடிதம் இன்னும் வரலியேம்மா. வராத கடிதத்தை எப்படிப் படிக்கறது?"

"எழுதினதே நீங்கதானே சார்!"

"எழுதினது டெக்னிகல். படிக்க வேண்டியது அசெட்ஸ். ரெண்டும் ஒண்ணுன்னு வெச்சுண்டா அப்புறம் வாரியம் எதுக்கு?"

"சார், அந்தக் கம்ப்யூட்டருக்கு வந்த வியாதிதான் சார் உங்களுக்கும் வந்திருக்கு."

படித்த பெண்ணின் வாய்த்துடுக்கு அறையில் ஒரு நிமிஷம் நின்றது. ஸ்ரீநிவாசராகவன் அதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுப் புன்னகைத்தார். "வாரியமும் கம்ப்யூட்டரும் ஒரே ஒழுங்குல நடக்கறதுன்னு சொல்றே. சந்தோஷம்."

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்குக் கடிதம் வந்து சேர்ந்தது. ஒன்பது மணியிலிருந்து ஜீவிதா வாசல் பெஞ்சில் காத்திருந்தாள். ஸ்ரீநிவாசராகவன் நாற்காலியை உருட்டிக்கொண்டு சொத்து மேஜைக்குப் போனார். கடிதத்தின் உறையைக் கத்தரித்தார். படித்தார். படிக்கப் படிக்க முகம் சுருங்கியது.

"டெக்னிகல் செக்‌ஷன்ல எப்பவும் இப்படித்தான்மா. அரைகுறையா எழுதி அனுப்பறது. கேட்டா பிஸின்னு சொல்றது."

"யாரை சார் சொல்றீங்க?"

"என்னைத்தான். ஆனா அந்த சீட்ல இருக்கறப்போ." பேனாவைத் திறந்தார். "ஒயர் எண் போடலை பாரு. ஒரு இணைப்புன்னா ஒயர் எண் வேண்டாமா? திருப்பித்தான் அனுப்பணும். திங்கட்கிழமை அங்க கிடைச்சுடும்."

"சார், சார், திருப்பி அனுப்பாதீங்க!" ஜீவிதா மேஜையின் மேலேயே கையை வைத்துவிட்டாள். திங்கட்கிழமை. ஒரு நாள் தாமதமான காகிதம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அது இன்னும் அவள் வீட்டுப் பெட்டியில், பிளாஸ்டிக் உறையில், ஒரு மடிப்பு விழாமல் இருக்கிறது. "அதுக்கு ஒயரே இல்லை சார். அதை எப்படி..."

அங்கேயே நிறுத்தினாள். ஒயர் இல்லை என்று சொன்னதற்கு இந்த நான்கு நாளில் கிடைத்த பலன் என்ன? சிட்டிபாபுவிடம் சொன்னாள், ஒழித்தார். இவரிடமும் சொன்னால் இவரும் ஒழிப்பார். நியாயத்தைச் சொல்லித் தோற்ற பிள்ளைக்கு ஒரு கட்டத்தில் புத்தி வரும்.

"ஒயர் எண் இருந்தா சார்?"

"இருந்தா ஒரு நிமிஷ வேலை. நான் என்ன, ஜனங்களுக்கு உதவக் கூடாதுன்னா உக்காந்திருக்கேன்?"

ஜீவிதா படியிறங்கி ஓடினாள். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சாமான் கடை.

"இருக்கறதுலயே மலிவான நெட் ஒயர் ஒண்ணு குடுங்கண்ணா."

"எதுக்கும் எதுக்கும் நடுவுல மேடம்?"

"ஒரு கம்ப்யூட்டருக்கும் அதே கம்ப்யூட்டருக்கும்."

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "தூரம் எவ்ளோ?"

"ஒரு மீட்டர் போதும். பழைய ஸ்டாக்கா இருந்தாலும் பரவாயில்லை. வேலை செய்யணும்னு அவசியமில்லை."

மஞ்சள் ஒயர் கிடைத்தது. அதைப் பார்த்ததும் ஸ்ரீநிவாசராகவனின் முகத்தில் வந்த வெளிச்சம் இருக்கிறதே, பெண் பார்க்கப் போன இடத்தில் ஜாதகம் பொருந்திவிட்டால் வரும் வெளிச்சம்.

"இதைத்தானே மொதல்லயே கேட்டேன்! இவ்வளவு நாள் எங்கே வெச்சிருந்தேள்?"

அவரே கைப்பட எண் எழுதி ஒட்டினார். ஒயர், பம்மல், இரண்டு. நாற்காலி அந்த மேஜைக்கும் இந்த மேஜைக்குமாக நான்கு தடவை உருண்டது. பாஸ்வேர்ட் இருந்த கவரைப் பிரித்து, இன்னொரு தாளில் எழுதி, இன்னொரு கவரில் போட்டு, அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். ஒப்பந்தப் பணியாளர் அதைத் திறக்கக் கூடாது; மையப் பொறுப்பாளர்தான் திறக்க வேண்டும். இத்தனையும் முடியும்போது மணி இரண்டரை. அப்புறம் அவர் சாப்பிடப் போனார். சாப்பிட்டு வந்துதான் கவரின் மேல் தேதி போட்டார்.

பல்லாவரம் ஸ்டேஷன் வாசலில் சவுரிமுத்து ஆட்டோவோடு நின்றுகொண்டிருந்தார். வழியில் கை காட்டியவர்களையெல்லாம் "ஆளு ஃபுல்லு! ஆளு ஃபுல்லு!" என்று விரட்டிக்கொண்டே ஓட்டினார். உள்ளே ஜீவிதாவும் ஒரு மீட்டர் ஒயரும் மட்டும்தான்.

இரண்டு பேரும் மாடியேறும்போது மணி நாலு இருபது. ஜாஸ்மின் சுவரோரமாக நின்றிருந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள், ஜீவிதாவைப் பார்த்தாள்.

குப்புராஜ் கவரை வாங்கி முத்திரையைத் தடவிப் பார்த்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க. ரகசியம்."

மூன்று பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். குப்புராஜ் ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். தட்டும்போது ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொன்னார். வாரியத்தின் பெயர்ச் சுருக்கம், ஒரு அட் குறி, ஒண்ணு ரெண்டு மூணு. கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. மறுபடி சொல்லிக்கொண்டே தட்டினார். மறுபடி ஏற்கவில்லை.

"சார்" என்றாள் ஜாஸ்மின், சுவரைப் பார்த்தபடியே. "மொத எழுத்து பெருசா போடணும்னு நினைக்கறேன்."

"ஆமா, பெருசுன்னுதான் எழுதிக்கீது. உனக்கு எப்படித் தெரியும்?"

"சும்மா தோணுச்சு சார்."

திறந்துகொண்டது. ஜீவிதா உட்கார்ந்து இரண்டு ஹேஷ் குறியை அழித்தாள். எழுப்பிவிடும் கட்டளையைக் கொடுத்தாள். பட்டியலைக் கேட்டாள். ஈத்-ஜீரோ வந்தது. அதன் கீழே, எங்கேயுமே போகாத பிள்ளை மாதிரி, லோ வந்து நின்றது. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அச்சிடும் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனாள்.

"நில்லு!" என்றார் குப்புராஜ். "ஒயரை மாட்டலியே?"

மணி நாலு முப்பத்தாறு.

"சார், அது..."

"ஒயர் வந்திருக்கு, நம்பர் வந்திருக்கு, மாட்டாம பிரிண்ட் எடுத்தா என் தலையில்லம்மா உருளும்? மாட்டு."

கம்ப்யூட்டருக்குப் பின்னால் காலி ஓட்டை எதுவும் இல்லை. ஜீவிதா ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வினாடி நின்றாள். காலண்டர் தொங்கும் ஆணியைப் பார்த்தாள். ஒயரின் இரண்டு முனையையும் சேர்த்து ரப்பர் பேண்டால் கட்டி, வளையமாக்கி, அந்த ஆணியில் மாட்டினாள்.

"தன்னோடயே பேசுற ஒயர் சார். ரெண்டு முனையும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு இருந்தாப் போதும்."

குப்புராஜ் இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இப்பதான் ஒரு லட்சணமா கீது. எடு பிரிண்டு."

சான்றிதழ் வந்தது. ஸ்கேன் செய்து, கவுன்சலிங் தளத்தில் ஏற்றி, ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று திரையில் வந்தபோது மணி நாலு ஐம்பத்தொன்று. ஜாஸ்மின் அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தன் பெயரை மறுபடி மறுபடி படித்தாள். ஜீவிதா அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோமோ என்று பிரிண்டரின் தட்டை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். சவுரிமுத்து அவளுக்கு நன்றி சொன்னார். பிறகு ஆணியில் தொங்கிய ஒயரைப் பார்த்து அதற்கும் ஒரு கும்பிடு போட்டார்.

"ஒரு மீட்டர் ஒயருதான். அதுக்குள்ள இன்னா சக்தி பாருமா!"

அவரிடம் உண்மையைச் சொல்ல ஜீவிதா வாயெடுத்தாள். பல்லாவரத்தில் சவாரி காத்திருக்கும். விட்டுவிட்டாள்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் வாரியம் எதையும் முடிய விடுவதில்லை. அடுத்த மாதம் சிட்டிபாபு மறுபடி டார்ச்சோடு வந்தார். பெயர் இரண்டு, ஒயர் இரண்டு. "இப்ப டேலி ஆயிடுச்சி மேடம். நான் அப்பவே சொன்னேன்ல" என்று பம்மலை முன்மாதிரி மையம் என எழுதிவிட்டுப் போனார். ஸ்ரீநிவாசராகவன் தொழில்நுட்ப மேஜையிலிருந்து ஒரு பரிந்துரை எழுதி, மறுநாள் சொத்து மேஜையில் அதை மனதாரப் பாராட்டி ஏற்றுக்கொண்டார். சுற்றறிக்கை வந்தது: எல்லா மையங்களும் ஒரு மஞ்சள் ஒயர் வாங்கி, இரு முனையும் இணைத்து, ஆணியில் மாட்ட வேண்டும். ஆயுத பூஜையன்று குப்புராஜ் பம்மல் ஒயருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். ஜாஸ்மின் கல்லூரியிலிருந்து போன் செய்தபோது ஜீவிதா இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் கோவளம் மையத்திலிருந்து போன் வந்தது. அங்கே ஆபரேட்டர் பிரிட்டோ. அவனும் ஒப்பந்தம், அவன் நாற்காலிக்கும் கைப்பிடி இல்லை.

"அக்கா, எலி ஒயரைக் கடிச்சிடுச்சு."

"எந்த ஒயரை?"

"ஆணியில மாட்டியிருந்த மஞ்சா ஒயரை."

"கம்ப்யூட்டர் ஓடுதா?"

"ஜம்முனு ஓடுதுக்கா. ஆனா மூணு நாளா சான்றிதழ் குடுக்கல. ஒயர் இல்லாம அது எப்படித் தன்னோட பேசும், தப்புத்தப்பா பேசிடும்னு சார் மூடச் சொல்லிட்டாரு. புது ஒயருக்கு எழுதிப் போட்டிருக்கோம். வெளிய ஒரு பொண்ணு நிக்குதுக்கா. ஸ்காலர்ஷிப்புக்கு இன்னைக்குத்தான் கடைசி. மீன் ஏலத்த விட்டுட்டு அவங்க அம்மா வேற வந்து உக்காந்துகினு இருக்காங்க."

ஜீவிதாவின் சிரிப்பு நின்றுவிட்டது. எதிரே ஆணியில் மஞ்சள் வளையம் மின்விசிறிக் காற்றில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. சிட்டிபாபு மாட்டியதல்ல. ஸ்ரீநிவாசராகவன் மாட்டியதல்ல. அவள் கையால் மாட்டியது.

"பிரிட்டோ, எலி எவ்வளவு மிச்சம் வெச்சிருக்கு?"

"ஒரு ஜாண் இருக்கும்க்கா."

"சுற்றறிக்கையில நீளம் போட்டிருக்கானு பாரு."

காகிதம் புரளும் சத்தம். "இல்லக்கா. ஒயர்னு மட்டும்தான் இருக்கு."

"அந்த ஒரு ஜாணை வளைச்சுக் கட்டி மாட்டு. சாரைக் கூப்பிட்டுக் காட்டு. அவர் எதிர்லயே பிரிண்ட் எடு. போனை வைக்காத."

ஜீவிதா காதோடு போனை ஒட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்தப் பக்கம் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. யாரோ அதட்டுவது கேட்டது. அப்புறம் பேச்சு நின்று, பிரிண்டர் தாளை இழுக்கும் சத்தம் கேட்டது. ஒரு பெண்குரல் ஏதோ சொல்லிச் சிரித்தது.

"வந்துடுச்சுக்கா!" என்றான் பிரிட்டோ. "சார் ஒத்துக்கினாரு. கையெழுத்தும் போட்டுட்டாரு."

"ஒண்ணும் சொல்லலியா?"

"ஒண்ணே ஒண்ணு சொன்னாருக்கா. ஓடறது ஓடுதாம். ஆனா ஒயரு ஒரு ஜாண்தானே, முன்ன மாதிரி வேகம் இல்லையாம்."